பத்து நிமிடச் சுழற்சி

கஸ்தூரியார் வீதியில றெமீசியஸின்ரை கடை.
மூண்டு தவணை, முதலாவது இண்டைக்கு.
"முதல் நாள் எடுக்கிறவைக்கு மூண்டு இலவசம், அக்கா"
எண்டு பெட்டிக்கு மேலே ஒரு சீட்டை ஒட்டித் தந்தான்:
பொன் வாள், நரிக்குட்டி, ஒரு திறப்பு.
திறப்பு எதுக்கு எண்டு கேட்டன்.
அவனுக்கும் தெரியேல்லை.

இரவுக் கடமை.
ஆய்வுகூடத்தில குளிரூட்டிக்கு மட்டும்தான் உரத்த குரல்.
ஏழாம் வாட்டில இருந்து வந்த இரத்தக் குழாய்களை
எதிரெதிரே சமன்பார்த்து அடுக்கி, மூடி,
சுழலவிட்டால் பத்து நிமிடம்.
அந்தப் பத்து நிமிடம் என்ரை.

பெயர் கேட்டது.
யோகசௌந்தரி எண்டு அடிக்க
எட்டாம் எழுத்தோட ஆங்கிலம் களைச்சுப்போச்சு.
அதனால் அந்த உலகத்தில நான் யோகசௌன்:
பச்சைத் தொப்பி, மெலிஞ்ச கால்,
முப்பத்தெட்டு வயதின்ரை முதுகுவலி இல்லை.

தொடக்கத்தில ஒரு ஊர் எரியுது.
தாண்டிப்போக ஒரு பொத்தான் இருந்தது.
அழுத்தினன்.

பிறகு மலை.
உள்ளங்கைக்குள்ள பனி கொட்டுது,
என்ரை கட்டைவிரலோ வேர்வையில வழுக்குது.
குறையும் சொல்லவேணும்:
பாய்ச்சல் அரை மூச்சுப் பிந்துது;
சுவரோரம் போனால் பார்வை முதுகில முட்டி
வெறும் தொப்பியைத்தான் காட்டுது;
எழுத்து வெந்தயம் அளவு.
ஆனால் கயிற்றைப் பிடிச்சுப் பள்ளத்தைக் கடக்கேக்க
கதிரையில இருந்தபடியே
வயிற்றுக்குள்ள ஒண்டு இறங்கிச்சுது,
பண்ணைப் பாலத்தில மோட்டார்சைக்கிளை
சோளகம் ஒருக்கா தூக்கிப்போட்ட நாள் மாதிரி.

பொன் வாள் சரியில்லை.
ஒரு வீச்சு, மூண்டு பேர் புகை.
நாலாவது ஆள் வர முன்னமே கொட்டாவி வந்திட்டுது.
அதைப் பைக்குள்ள வைச்சு
முதல் தந்த தடியையே எடுத்தன்.
ரெண்டு தரம் செத்தன். நல்லாயிருந்தது.

நரிக்குட்டி தண்ணிக்குக் கிட்ட வராது.
கரையில நிண்டு
நான் திரும்பும்வரை ஒரே இடத்தைச் சுத்துது.
சும்மா குடுக்கிற சாமானுக்குள்ள
ஆர் இவ்வளவு பயத்தை எழுதி வைச்சது?

இயந்திரம் கூப்பிட்டது.
மேலே வைக்கோல் நிறம், கீழே சிவப்பு.
பதிவேடு, லேபிள், கையெழுத்து.
அடுத்த எட்டுக் குழாய்.

திறப்பு மூண்டாம் சுழற்சியில பொருந்திச்சுது.
ஆரும் ஒளிஞ்சிருப்பினம் எண்டு
தடியை ஓங்கியபடி போனன்.
உள்ளே ஒரு கதிரை. ஒரு யன்னல்.
யன்னலுக்கு வெளியே கடல்.
புதையல் இல்லை, புள்ளி இல்லை,
எந்தப் பொத்தானுக்கும் வேலை இல்லை
ஒண்டைத் தவிர: இரு.

யோகசௌனை இருத்தினன்.
நரி வந்து காலடியில சுருண்டுது,
கடல் கண்ணாடிக்கு அங்கால எண்டபடியால் போல.
தர்மிலா தேத்தண்ணியோட எட்டிப் பார்த்து
"என்னடி, நிண்டுபோச்சோ?" எண்டாள்.
"இல்லை, ஓடுது" எண்டன்.

இன்னும் ரெண்டு தவணை இருக்கு.
மலை உச்சியில எட்டுப் பேர் காத்திருக்கினமாம்,
ஒவ்வொருத்தருக்கும் ஒவ்வொரு ஆயுதம்.
ஏழாம் வாட்டுக்காரர் திரும்பவும் மணி அடிக்கினம்.
நான் அலை எண்ணிக்கொண்டிருக்கிறன்.
இருபத்தாறுக்குப் பிறகு
முதல் வந்த அலைதான் திரும்பி வருது.