செக்போஸ்ட்டில் சுண்டுவிரல்

காலையில் விரல் விறைப்பு எத்தனை நிமிடம்
என்று கேட்டாள் லிஜி.
என்னிடம் வாட்ச் இல்லை.
இருந்தாலும் அதன் பட்டையை மாட்ட
இன்னொரு ஆள் வேண்டும்.

கூடலூரில் நாலரைக்கு ஜீப்.
பதினாலு பேர், பதினாலு தூக்குவாளி.
கம்பியைப் பிடிக்க முடியாததால்
நடுவில் செருகிக்கொள்வேன்.
இரண்டு பக்கத்துத் தோள்களும் என்னைப் பிடித்துக்கொள்ளும்.
லோயர் கேம்ப் தாண்டும்போது கை கல்.
மாதா கோயில் வளைவில் பெருவிரல் லேசாய் அசையும்.
அப்புறம் ஒவ்வொரு கொண்டை ஊசிக்கும் ஒரு விரல்.
குமுளி செக்போஸ்ட்டில்தான் சுண்டுவிரல் மடங்கும்.
இதைத்தான் சொன்னேன்.
அவள் தாளில் ‘தெரியாது’ என்று ஒரு கட்டம் இருந்தது,
அதில் டிக் அடித்தாள்.

சட்டைப் பொத்தான் போட முடிகிறதா?
காட்டுக்குப் போட்டுப்போவது செத்துப்போனவர் சட்டை,
பொத்தான்கள் அவருக்கு முன்னாலேயே போய்விட்டன.
குளியல் தொட்டியில் இறங்கி ஏற முடிகிறதா?
நான் சிரித்த சிரிப்பில் அவளும் சிரித்துவிட்டாள்.
‘நான் ஒண்ணு சொல்றேன், எழுதிக்க.
பழுத்த காயை மட்டும் கிள்ளி
பக்கத்துப் பிஞ்சை விட முடியுதா?
அதைக் கேளு. அது போனா கூலி போச்சு.’

அடுத்த வியாழன் ஜீப்பில் பதினைந்தாவது ஆளாக
போனில் நேரம் ஓடவிட்டபடி உட்கார்ந்திருந்தாள்.
ஆலப்புழைக்காரி. மூன்றாம் வளைவில் வாந்தி.
துடைத்துக்கொண்டு, ‘இப்போ எந்த விரல், சேச்சி?’ என்றாள்.
எழுந்ததிலிருந்து நூற்றுப் பத்து நிமிடம்.
என் வலிக்கு முதல்முறையாக ஒரு எண்.

ரத்தத்தில் என்னதான் கேடு என்று கேட்டேன்.
உள்ளே இருக்கிற காவல்
சொந்த ஆளையே திருடன் என்று அடிக்கிறதாம்.
குமுளிப் போலீஸ் தேவலை,
பதினெட்டு வருசத்தில் முகம் பழகிவிட்டது.

மூன்று குழாய் ரத்தம் எடுத்தாள்.
அட்டைக்குக் கொடுப்பதைவிடக் கொஞ்சம்தான்.

பழைய மாத்திரை எல்லோருக்கும் உண்டு.
புதுசு பாதிப் பேருக்கு, மீதிப் பேருக்கு அதே நிறத்தில் வெறும் மாவு.
யாருக்கு எது என்று எனக்குத் தெரியாது,
லிஜிக்குத் தெரியாது, டாக்டருக்கும் தெரியாது.
தேனியில் ஏதோ பீரோவில்
ஒட்டிய கவருக்கு மட்டும் தெரியும்.

நாலாம் மாசம் பெருவிரல்
மாதா கோயிலுக்கு முன்னாடியே அசைந்தது.
ஜீப் முழுக்கச் சொன்னேன்.
ஒன்பதாம் மாசம், அடைமழையில்,
எல்லா விரலும் திரும்ப செக்போஸ்ட்டுக்கே போய்விட்டன.
அதைச் சொல்லவில்லை.

கவரைப் பிரித்தார்கள்.
விருமாயி, எண் முப்பத்தேழு, மாவு.
பொம்முத்தாய்க்கு நிஜம்.
ஆமாம், ஆடியிலேயே அவள் கம்பியைப் பிடித்து
நின்றுகொண்டு வந்தாள்.
பார்த்தேன். பார்க்காததுபோல் வெளியே இருட்டைப் பார்த்தேன்.

‘நீங்க இல்லேன்னா
அவங்க கை மருந்தாலதான் சரியாச்சுன்னு
சொல்லவே முடியாது, சேச்சி.’
லிஜி என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்.
ஒரு வருசம் மாவு தின்றவளிடம் சொல்கிற பேச்சா அது?
பதில் பேசாமல் பஸ் ஏறிவிட்டேன்.
டிக்கெட்டைக்கூட கண்டக்டர்தான் என் பையில் போட்டார்.

இரண்டு வாரம் கழித்துப் புதுத் தாளோடு வந்தாள்.
ஒன்பதாம் கேள்வியைப் படித்துக் காட்டினாள்:
பழுத்த காயை மட்டும் பறிக்க முடிகிறதா?
என் பெயர் அதில் இல்லை.
பிஞ்சை விட்டுவிட்டார்கள்.
‘பிஞ்சையும் சேர்த்து எழுது’ என்றேன்.
பேனாவால் சேர்த்தாள்.

இப்போது எனக்கும் நிஜ மாத்திரை. மூன்றாம் வாரம்.
பொம்முத்தாய் இடது தோள், யாரோ ஒருத்தி வலது தோள்.
லோயர் கேம்ப் விளக்குகள் பின்னால் போகின்றன.
இரண்டு கையையும் சட்டைக்குள் வைத்திருக்கிறேன்.
இன்னும் மடக்கிப் பார்க்கவில்லை.