டாலர் குறி

லோரோங் கூலிட் சந்தையில்
துருப்பிடித்த பூட்டுகளுக்கும் ஒற்றைச் செருப்புக்கும் நடுவே கிடந்தது.
முப்பது வெள்ளி என்றார் கடைக்காரர்.
பதினெட்டுக்குத் தந்தார், பாட்டரி இல்லாமல்.

வரைபடம் வரையுமாம் இந்தக் கால்குலேட்டர்.
எனக்கு வளைவுகள் வேண்டாம்.
பாயான் லெப்பாஸ் ஆலைக்குள்
கேமரா உள்ள எதுவும் போகக்கூடாது.
இது போகும்.

மெனுவைத் துழாவிக் கட்டங்களைக் கண்டுபிடித்தேன்.
தீப்பெட்டி அகலத் திரை,
ஒரு நேரத்துக்கு மூன்று பத்திதான் தெரியும்.
ஏ-யில் தேதி. பி-யில் ஓவர்டைம் மணி.
சி-யில் பெருக்கல்.
மணிக்கு இவ்வளவு என்ற கூலி
ஒரே ஒரு கட்டத்தில்: டி1.

முதல் வரி சரியாக வந்தது.
கீழே நிரப்பினேன்:
சுழி, சுழி, சுழி.
பதினொரு இரவு நின்ற கால்களுக்குப்
பத்து சுழி.

டி1 டி2 ஆகி, டி3 ஆகி
ஒவ்வொரு வரியும் ஒரு படி இறங்கி
வெற்றுக் கட்டத்துக்குள் கைவிட்டிருக்கிறது,
மாதக் கடைசியில் நான் ஏ.டி.எம்மில் செய்வதுபோல.

யுகேஸ்வரிதான் சொன்னாள்,
பஸ்ஸில், பாதித் தூக்கத்தில்:
"முன்னால டாலர் போடுடி. அப்பத்தான் நகராது."
வெள்ளியில் வாங்குகிற கூலியை
ஓரிடத்தில் நிறுத்திவைக்க
டாலர் வேண்டியிருக்கிறது.
சிரித்த சிரிப்பில்
முன்சீட்டு அக்கா விழித்துக்கொண்டார்.

போட்டேன். நிரப்பினேன்.
பத்து சுழியும் எண்ணாய் எழுந்தன.
கூட்டிப் பார்த்தால்
சம்பளச் சீட்டில்
நாற்பத்தொன்பது வெள்ளி இரண்டு காசு குறைகிறது.

கவுன்டரில் புவான் சல்மியா
கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி
என் குட்டித் திரையைப் பார்த்தார்.
சிஸ்டத்தில் அப்படித்தான் இருக்கிறது என்றார்.
ஒன்பதாம் வரிக்கு இறங்கி
பி9-ஐக் காட்டினேன். நாலு.
அன்றைக்குப் பேய்மழை. பாலத்தில் பஸ் நின்றுபோய்
பகல் ஷிப்ட் வந்து சேரும்வரை
மைக்ராஸ்கோப்பை விட்டு நான் எழவில்லை.
அதை எழுத எந்தக் கட்டத்திலும் இடமில்லை.

குறித்துக்கொண்டார். அடுத்த மாதம் என்றார்.

இதன் பழைய சொந்தக்காரர் யாரோ
கடைசிப் பத்தியில் விட்டுப்போன எண்கள்
பாட்டரி இல்லாமல் கிடந்தும் அழியவில்லை:
61, 60.5, 59, 59, 57.
எடையா, மதிப்பெண்ணா, தெரியவில்லை.
நான் தொடவில்லை.
பக்கத்துக் கட்டத்தில்
49.02 என்று இட்டு
அதற்கும் முன்னால் ஒரு டாலர் போட்டுப் பார்க்கிறேன்.

பிழை என்கிறது.