டப்பா

எண்பத்தேழாம் வருஷத்து வண்டி.
மூன்று கை மாறி எண்ணூர்க் கரைக்கு வந்தது.
உழுததெல்லாம் அதற்கு முன்னால்.
என்னிடம் படகு இழுக்கிறது, படகுக்கு நூற்றைம்பது.
உப்புக் காற்று அதன் பெயரைத் தின்றுவிட்டது;
பானட்டில் மிச்சம் ஒரே ஓர் எழுத்து,
அதுவும் எந்த மொழியென்று சொல்லமுடியாது.

கார்த்திகையில் சொட்ட ஆரம்பித்தது.
ஃபில்டருக்கும் பம்புக்கும் நடுவே எங்கேயோ.
துடைத்துவிட்டுப் பார்த்தால் காய்ந்திருக்கும்,
முதுகைத் திருப்பினால் சொட்டும்.
கடன் கொடுத்தவனை எதிரில் கண்டவன் போல
நேருக்கு நேர் நல்ல பிள்ளை.

சோப்பைத் தேய்த்து அடைத்தேன்.
சைக்கிள் டியூபைக் கிழித்துச் சுற்றினேன்.
எம்-சீல் வைத்தேன்.
எல்லாவற்றையும் கடந்து வந்தது டீசல்.
கடைசியில் அடியில் ஓர் ஐஸ்கிரீம் டப்பா வைத்தேன்,
மூடியில்லாதது.

ராத்திரி படுத்துக்கொண்டு எண்ணினேன்:
ஏழு எண்ணுவதற்குள் ஒரு சொட்டு.
நாளைக்கு எத்தனை, மாசத்துக்கு எத்தனை,
லிட்டர் தொண்ணூற்றுச் சொச்சம்.
கணக்கு முடியும் முன்னே விடிந்துவிடும்.

ஆனால் காலையில் டப்பா காலி.
ஒருநாள் இல்லை, தினமும்.
நாய் குடிக்காது. மணல் குடிக்க டப்பாவில் ஓட்டையில்லை.
ஆவியாகியிருக்கும் என்றான் பங்காரு.
டீசல் என்ன, கற்பூரமா?

தை மாசம் நாலாவது படகை இழுக்கும்போது
பாதி மேட்டில் இருமி நின்றது.
கயிறு விறைத்தது. படகு ஒரு முழம் பின்னால் போனது,
ஏழு பேர் தோள் கொடுத்துப் பிடித்தார்கள்.
சொட்டும் ஓட்டை சொட்டுவதோடு விடாது,
காற்றையும் உள்ளே இழுக்கும்.

புதுப்பேட்டையில் நசீர் பழைய ஹோஸை வளைத்தான்.
நொறுங்கியது.
"இது ஹோஸ் இல்லண்ணே, முறுக்கு."
இரண்டு மீட்டர், ஆறு கிளிப்.
தாமிர வாஷர் அவனிடம் அளவில் இல்லை.

வீட்டு அடுப்பில் பழையதையே சிவக்கக் காய்ச்சி
தண்ணீரில் போட்டேன். சுர்ரென்றது.
இரும்பைக் காய்ச்சி நனைத்தால் முறைக்கும்,
தாமிரம் இளகிக்கொடுக்கும்.

டேங்கின் திருகு உடைந்து வருஷமாகிறது;
வேப்பங்குச்சியைச் சீவி அடைத்துவிட்டு வேலை பார்த்தேன்.
முழங்கை வழியாக அக்குள் வரை டீசல்.
பிறகு கட்டைவிரலால் பம்பை அடித்தேன்,
அடித்தேன், அடித்தேன்.
முதலில் வெறும் நுரை,
அப்புறம் துப்பித் துப்பி,
அப்புறம் குமிழ் ஒன்றும் இல்லாத நேர் கோடு.
திருகை இறுக்கினேன்.
மூன்றாவது முயற்சியில் பிடித்துக்கொண்டது.
கரும்புகைக்குக் காக்கைகள் எழுந்து வேறு கூரைக்குப் போயின.

அன்று ராத்திரி எண்ண ஒன்றுமில்லை.
அதனாலேயே தூக்கம் வரவில்லை.

இருட்டு பிரியும் நேரம்
வண்டியருகே தனபாக்கியம், கையில் டப்பா.
"இன்னா, நின்னுபோச்சா?"
அவள் பின்னால் பிள்ளைகள் இரண்டு.
சின்னவன் ஒற்றைக்காலில் நின்று பாதத்தைத் தூக்கிக் காட்டினான்:
கடல் ஒதுக்கிய தார், கால்விரல் இடுக்கெல்லாம்.
"தண்ணியில போவாது. தேங்கெண்ணெயில போவும்,
வெல இன்னா தெரியுமா?
கறுப்புக் காலோட போனா
பாய்ல குந்த வெக்கமாட்டாங்க பள்ளிக்கூடத்துல."

என்னைக் கேட்டிருக்கலாமே என்றேன்.
"கேட்டா குடுத்திருப்ப.
சொட்டுறத எதுக்குக் கேக்கணும்?"

பதில் தெரியாமல் பதினாலாம் நம்பர் ஸ்பானரை எடுத்தேன்.
புது கிளிப்பைத் தொடவில்லை.
ஃபில்டரின் அடித்திருகை அரைச்சுற்று திறந்தேன்.
முதலில் வந்தது தண்ணீர்,
டீசலுக்கு அடியில் எத்தனை நாளாய்க் கிடந்ததோ.
அதை மணலில் விட்டு டப்பாவைப் பிடித்தேன்.

அலைக்கு அப்பால் மூன்று படகு
மூக்கைக் கரைப்பக்கம் திருப்பிக் காத்திருந்தன.
டப்பாவில் கால்வாசிகூட ஏறவில்லை,
அதற்குள் கையை நீட்டிவிட்டாள்:

"போதும், மூடு.
மறுக்கா காத்து பூந்துரப்போவுது."