இடது பூட்ஸ்

வியாழக்கிழமை.
மினிபஸ் எங்களை இறக்கிவிட்டு
எதையோ மறந்ததுபோல் அவசரமாய்த் திரும்புகிறது.
வேல்ஸின் நடுவில், ஆடுகளும் கைவிட்ட சதுப்பு.
ஆறு பேர், ஆறு ஜோடி இரவல் பூட்ஸ்.
என்னுடையதின் உள்பக்கம் யாரோ மையால் எழுதியிருக்கிறார்கள்: டி.ஜே.
டி.ஜே. தேறினானா, தெரியாது.
கால் அளவு ஒன்றுதான்.

முதலில் தாள். எப்போதும் முதலில் தாள்.
இன்று எப்படி இருக்கிறாய், ஒன்றிலிருந்து பத்துக்குள்?
ஹோடன் ஏழு போடுவாள்.
ஏழு போட்டால் யாரும் கிட்டே வருவதில்லை.
மாப்லி மூன்றரை, அந்த அரைக்காக வாதாடுவாள்.
நான் ஐந்து.
ஐந்து என்பது சாத்திய கதவு.
ஏமிர் பேனாவைத் திருப்பிக் கொடுப்பான்.
ஒன்பது வாரமாய்ப் பேச்சில்லை.
வாய் இருக்கிறது, சாண்ட்விச் தின்கிறான்.

வேலை இவ்வளவுதான்:
எந்தக் காலத்திலோ நீரை வடிப்பதற்கு வெட்டிய கால்வாய்களை
நாங்கள் அடைக்கிறோம்.
கரிய மண்ணைக் கட்டி கட்டியாய்ப் பெயர்த்து,
பலகை நட்டு, மிதித்து, மறுபடி மிதித்து.
"சதுப்புன்னா தண்ணியைப் போக விடாத இடம்.
போக விட்டா செத்துரும்"
என்ற நெரிஸ், உடனே எங்கள் முகங்களைப் பார்க்கிறாள்,
உவமை ஏதும் முளைக்கிறதா என்று.
"கிளினிக்கில் எல்லாத்தையும் கொட்டிடுங்கறாங்க,
இங்கே அடைங்கறீங்க.
ரெண்டு பேரும் பேசி ஒரு முடிவுக்கு வாங்க"
என்கிறாள் மாப்லி, மண்வெட்டியில் சாய்ந்தபடி.

மதியம் ஹோடன்தான் காட்டினாள்,
பாசிமேல் செக்கச் சிவந்து
நகத்தளவு அழுகண்ணி.
இலை முழுக்கக் கண்ணீர்.
எவ்வளவு பாவம் என்று குனிந்தோம்.
ஒரு கொசுவைத் தின்றுகொண்டிருந்தது.

அப்புறம்தான் நெரிஸ்
பச்சையிலும் பச்சையான ஓரிடத்தில் கால் வைத்தாள்.
முழங்கால். தொடை.
போன் அவள் பையில், பை கால்வாய்க்கு அந்தப் பக்கம்.
சிரித்துச் சமாளித்தாள், அப்புறம் சிரிக்கவில்லை.
பயிற்சியில் இது வராது போலும்.
நாங்கள் ஐந்து பேர் ஐந்து திசையில் நின்றோம்.

"அசையாதே."
யார் பேசியது என்று பார்த்தோம்.
"பின்னால சாய். நாற்காலியில உட்கார்ற மாதிரி.
ஹோடன், பலகை. அதை இல்லை, நீளமானதை."
கரகரத்த குரல், நடுவில் ஒருமுறை உடைந்தது.
வயிற்றால் பலகைமேல் ஊர்ந்துபோய் அவள் கக்கத்தைப் பிடித்தான்.
அவன் காலை நான், என் இடுப்பை மாப்லி.
சதுப்பு கொஞ்சம் யோசித்தது.
பிறகு, அசிங்கமாக ஒரு சத்தம்.
நெரிஸ் வந்தாள்,
இடது பூட்ஸ் வரவில்லை.

ஹோடன் சிரித்த சிரிப்பில் உட்கார்ந்தே விட்டாள், ஈரத்தில்.
எல்லோரும் கன்னங்கரேல் என்று இருந்தோம்.
"எப்படிடா தெரியும் உனக்கு?"
"எங்க பசு ஒண்ணு" என்றான் ஏமிர்.
கொஞ்ச நேரம் கழித்து,
"அதை எடுக்க முடியலை."
யாரும் மேலே கேட்கவில்லை.
மாப்லி தன் பிஸ்கெட்டில் பாதியை அவன் பக்கம் நகர்த்தினாள்.

மாலைத் தாள்.
நெரிஸ் காலில் கடைப் பையைச் சுற்றிக்கொண்டு விநியோகித்தாள்.
ஹோடன் நான்கு போட்டாள்.
ஏழுக்குக் கீழே இறங்கியது அதுவே முதல் தடவை.
ஏமிர் எண் போடவில்லை, ஒரு பூட்ஸ் வரைந்தான்,
வார் துளைகள் உட்பட.
நான் ஐந்தேதான்.

அடுத்த வியாழன் ஹோடன் வரவில்லை.
காரணம் சொல்ல மாட்டார்கள், அது விதி.
அணைக்குப் பின்னால் ஒரு சாண் தண்ணீர் நின்றிருந்தது,
அதில் மேகம்.
ஏமிர் குச்சியால் அளந்தான், பேசாமல்.
ஆனால் அளவை என்னிடம் காட்டினான்.

இந்த மண்ணில் எதுவும் லேசில் மக்காதாம்.
ஈராயிரம் வருடம் கழித்து யாரோ தோண்டுவார்,
ஒரு பூட்ஸ் கிடைக்கும்.
மிச்ச ஆள் என்ன ஆனாளோ என்று
பக்கத்தில் இன்னும் ஆழமாய்த் தோண்டிப் பார்ப்பார்.
நாங்கள் இழுத்துவிட்டோம் என்பது
எந்தத் தாளிலும் இருக்காது.