லாடவத்தில் உப்பு என்ன விலை

வடாலா ஸ்டேஷன் பெயரைத்
திருப்பிப் போட்டுக் கொஞ்சம் தட்டினேன்.
லாடவம் என்றொரு பேரரசு கிடைத்தது.
குர்லாவைத் திருப்பினால் லார்கு: அது எதிரி நாடு.
ஹார்பர் லைனில் நின்றபடியே
ஆறு மாதத்தில் ஒரு கண்டத்தை முடித்தேன்.

கடலுக்குத் தீவு கொடுத்தது கட்டிங் சாய்.
கிளாஸின் அடிவட்டம் காகிதத்தில் காய்ந்தது.
சிந்திய துளிகளை
எரிமலைகள் என்று எழுதிவைத்தேன்.

தொள்ளாயிரம் ஆண்டு வரலாறு.
பதினேழு அரசர்கள், அதில் மூன்று பேர் ஒரே ஆள்
(ரகசியம். இதுவரை யாரும் கேட்கவில்லை).
நிலவு இரண்டு. சின்னது தேயும் நாட்களில்
மந்திரம் பலிக்காது.
மழைக்கு ஒரு தெய்வம்,
மழை விட்ட பிறகு சொட்டுகிற தண்ணீருக்கு இன்னொன்று.
இரண்டுக்கும் பேச்சுவார்த்தை கிடையாது.

ஆபீஸில் நான் சரக்குப் பட்டியல் சரிபார்க்கிறவள்.
பெட்டி எத்தனை, எடை எவ்வளவு, எந்தத் துறைமுகம்.
அது எதுவுமே இல்லாத ஓர் உலகம் வேண்டியிருந்தது.

ஜூலை, சனிக்கிழமை, ஆன்டாப் ஹில்.
நாலாவது மாடி, லிஃப்ட் படுத்துவிட்டது.
நஸ்ரின் குடையை பாத்ரூமில் விரித்துவிட்டு வந்தாள்.
நிலேஷ் கையில் எட்டு வடாபாவ்.
இருதயராஜ் வார்டிலிருந்து நேராக,
டெட்டால் வாசனையோடு.
பகடைகளை அவன் மருந்துப் புட்டியில் வைத்திருக்கிறான்.
இருபது முகப் பகடையில் பதிமூன்றின் முனை உடைந்தது;
அது விழுந்தால் மறுபடி உருட்ட வேண்டும், அதுதான் சட்டம்.
பாதி இந்தி, பாதி தமிழ்,
சண்டைக்கு மட்டும் மராத்தி.

குரலைச் சற்றுத் தாழ்த்தி ஆரம்பித்தேன்:
லாடவத்தின் பதினேழாம் அரசன் சாகக் கிடக்கிறான்.
கோட்டையில் மணி அடிக்கிறது.
நீங்கள் ஆற்றின் இக்கரையில். ஒரு படகு நிற்கிறது.

‘படகோட்டி பேரு என்ன?’ என்றான் நிலேஷ்.

அரசர்களுக்குப் பெயர் இருந்தது.
அவர்கள் குதிரைகளுக்கும் இருந்தது.
எதிர் பில்டிங் பால்கனியில்
நீலத் தார்ப்பாய் ஒன்று காற்றில் அடித்துக்கொண்டிருந்தது.
‘தார்ப்பன்.’

‘கல்யாணம் ஆயிடுச்சா அவனுக்கு?’
‘படகில என்ன லோடு?’
உப்பு என்றேன். வாயில் வந்தது அதுதான்.
‘லாடவத்தில் உப்பு என்ன விலை?’

தொள்ளாயிரம் ஆண்டில் அதை நான் யோசித்ததே இல்லை.
ஆனால் சொல்லிக்கொண்டே போனேன்:
மூட்டைக்கு ஏழு வெள்ளி,
மழைக்காலக் கசிவுக்கு நூற்றுக்கு இரண்டு கழிவு,
நனைந்த சாக்கை எடைபோட்டால் யாருக்கு லாபம்,
படித்துறைக் கணக்கன் எதைப் பார்த்தும் பார்க்காமல் விடுவான்.
திங்கள் முதல் வெள்ளி வரை
நான் கொட்டாவி விட்ட அத்தனையும்
மேஜைமேல் வந்து குவிந்தது.
நஸ்ரினின் மந்திரக்காரி தராசைப் பிடித்துக்கொண்டாள்.
நெருப்பை விழுங்குகிறவள்.
கணக்கனோடு பேரம் பேசிப் பதிமூன்று போட்டாள்,
மறுபடி உருட்டி இரண்டு போட்டாள்.

நடுவில் எனக்கு இருமல் வந்தது, வடாபாவ் காரம்.
தார்ப்பன் இருமியதாக எடுத்துக்கொண்டார்கள்.
இருதயராஜ் வாளைக் கீழே வைத்தான்.
மேஜை விளிம்பில் இரண்டு விரல் வைத்து,
தன் கைக்கடிகாரத்தைப் பார்த்து,
ஒரு நிமிடம் முழுக்க
இல்லாத ஒருவனின் நாடியை எண்ணினான்.
யாரும் சிரிக்கவில்லை.
‘நூத்திப் பத்து. இன்னிக்கு இவன் துடுப்பு போடக்கூடாது.’

அக்கரையில் அரசன் செத்திருப்பான்.
யாரும் போகவில்லை.
நோட்டில் பதினோராம் பக்கத்தில்
அந்த மணி இன்னும் அடித்துக்கொண்டிருக்கிறது.

புதன்கிழமை காலை,
காட்டன் கிரீனுக்கும் ரே ரோடுக்கும் நடுவில்,
நைட் ட்யூட்டி முடித்த இருதயராஜிடமிருந்து மெசேஜ்:
தார்ப்பன் இருமல் எப்படி இருக்கு?

ஒரு கை கம்பியில்.
கட்டைவிரலால் அடித்தேன்:
ராத்திரி தூங்கினான்.

பிறகு நோட்டைத் திறந்தேன்.
அரசர் பட்டியலுக்குக் கீழே இடமில்லை.
ஓரத்தில், பக்கவாட்டில் எழுதினேன்:
தார்ப்பன். உப்பு, மூட்டை ஏழு வெள்ளி.
மனைவி உண்டா,
கேட்டுச் சொல்ல வேண்டும்.