கைமாத்து

ரெண்டாவது சனிக்கிழமை தோறும்
முக்கூடல் நடுநிலைப் பள்ளியில்
ஆறாம் வகுப்பு பெஞ்சுகளைச் சுவரோரம் தள்ளிவிட்டுப்
பாய் விரிக்கிறோம்.
சாவி செய்யதலி பாத்திமாவிடம் இருக்கும்.
தலைமையாசிரியர்
‘கரண்டு பில் கூடுதே’ என்பார்,
பூட்டை மட்டும் மாற்ற மாட்டார்.

அம்பையிலிருந்து தெரபி டீச்சர்
ஒரு மாதம் வருவாள், ஒரு மாதம் பஸ் வராது.
வராத நாளில்
ஒருத்தி பிள்ளையின் காலை
இன்னொருத்தி நீட்டி மடக்குவோம்.
பீடி சுற்றும் விரல்கள்.
எவ்வளவு இறுக்கலாம், எங்கே விட்டுவிடவேண்டும் என்று
அதுகளுக்குத் தெரியும்.

பெரிய பேச்சு ஒன்றும் இல்லை.
பெரிய சைஸ் டயப்பர் எந்தக் கடையில்,
ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரியில்
எந்த டாக்டர் பிள்ளை முகத்தைப் பார்த்துப் பேசுவார்,
பென்ஷன் மனு எந்த மேசையில் தூங்குது,
தூக்கித் தூக்கி இடுப்பு விட்டுப்போனால் எந்தத் தைலம்.
ஸ்டெல்லா ஜெபராணி வீட்டுக்காரர்
பழைய சைக்கிள் டியூபை வெட்டி
கரண்டிக் காம்பில் சுற்றிக் கொண்டுவந்தார்.
அன்று அவர் மகள்
தன் கையால் உப்புமா தின்றாள், பாதி பாயில்.
கிரிக்கெட்டில் கடைசி ஓவர் மாதிரி
மூச்சு விடாமல் பார்த்துக்கொண்டிருந்தோம்.

வெயிலுராஜுக்கு எண்பது சதவீதம் என்று
அட்டையில் போட்டிருக்கிறது.
மீதி இருபதை எங்கே வைத்திருக்கிறான் என்று
ஒன்பது வருஷமாகத் தேடுகிறேன் என்றேன் ஒருநாள்.
‘அந்த இருபதுலதாம்ட்டி
நம்ம கண்ணுல விரல விட்டு ஆட்டுதான்’ என்றாள் பாத்திமா.

வைகாசியில் என் தங்கச்சி மகளுக்கு ஆலங்குளத்தில் கல்யாணம்.
வரமாட்டேன் என்று முன்னமே சொல்லியாச்சு.
கல்யாண வீடு மிதித்து ஏழு வருஷம்.
கடைசியாகப் போனபோது
இவன் போட்ட சத்தத்தில்
நாதஸ்வரக்காரர் வாசிப்பை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார்.

‘பெய்ட்டு வாட்டி. கைமாத்தா வச்சுக்கோ.
நாளைக்கு எனக்கு ஒரு நாள் தரமாட்டியா?’
தன் பிள்ளை ஒன்று, என் பிள்ளை ஒன்று,
ஆயிரம் பீடிக்கு ஊறப்போட்ட இலை.
அதற்கு நடுவில் நின்றுகொண்டு சொன்னாள்.

சோறு குழைவாக.
மாத்திரை பதினொரு மணிக்கு.
மிக்சி சத்தம் ஆகாது.
காத்தாடி ரெண்டுக்கு மேல் போனால் கத்துவான்.
‘எல்லாம் தெரியும், போட்டி.’

பந்தியில் உட்கார்ந்தேன்.
இடது கைக்கு வேலை இல்லை.
மடியில் வைத்தேன், முதுகுக்குப் பின்னால் வைத்தேன்,
இலை பறந்துவிடும்போல் அதன் ஓரத்தைப் பிடித்துக்கொண்டேன்.
சாம்பார் நாக்கைச் சுட்டது.
சோறு இவ்வளவு சூடாக இருக்கும் என்பதே
மறந்துபோயிருந்தது.
‘பையன் வரலியா?’ என்றவர்களிடம்
‘அவன் வேற ஒரு வீட்டுக்கு விருந்துக்குப் போயிருக்கான்’ என்றேன்.
பொய் இல்லை.

பாயசத்துக்கு நிற்காமல் ரெண்டரை மணி பஸ்.

செருப்பைக் கழற்றும்போதே
அழுகைக்குக் காதைத் தீட்டி வைத்திருந்தேன்.
உள்ளே சிரிக்கிறான்.
பாத்திமா ஈர இலையை உதறுகிறாள்,
முகத்தில் தெறிக்கத் தெறிக்கச் சிரிக்கிறான்.
என்னைப் பார்த்தான்.
பார்த்துவிட்டு
திரும்பவும் இலையைப் பார்த்தான்.

அடிவயிற்றில் ஏதோ பிடுங்கிக்கொண்டு வந்தது.
வேரா, களையா,
இன்றைக்கும் எனக்குப் பிடிபடவில்லை.

‘கிறுக்கி, அதுக்குள்ள ஏன் வந்த?’
பதில் சொல்லாமல்
அவள் தட்டை இழுத்து என் மடியில் வைத்தேன்.
எண்ணூறு ஆகியிருந்தது.
மீதி இருநூறை நான் சுற்றினேன்.

வருகிற புதன்கிழமை அவளுக்குக் கண் ஆபரேஷன்.
ரிஸ்வானா எங்கள் வீட்டில்.
அவளுக்குக் காத்தாடி நாலில் ஓடவேண்டும்,
இவனுக்கு ரெண்டில்.
வீட்டில் இருப்பது
ஒரே காத்தாடி.