பாலத்துக்கு அந்தப் பக்கம்

முதல் கடை சுருலேரேயில்.
கீழே கோழி பொரிக்கிற கடை,
மேலே நாங்கள்: மூன்று தையல் மெஷின்,
ஒரு ஆளுயரக் கண்ணாடி,
கரண்ட் போனால் இருமத் தொடங்கும் ஜெனரேட்டர்.
அபியோனா துணி வெட்டுவாள். நான் கணக்கு.
பேருந்தில் பிறந்தவள் அவள்;
பெயருக்கே 'வழியில் வந்தவள்' என்றுதான் அர்த்தம்.

ஜிப் அறுந்தால் எதிர்வரிசையில் ஜிப்.
காஜா போட ஆள் வேண்டுமா,
ஜன்னலில் நின்று கூப்பிட்டால் போதும்,
பாதி வாழைப்பழத்தோடு அகின்லாபி படியேறுவார்.
எல்லாம் கைக்கெட்டும் தூரம்,
வாங்குகிறவர்களைத் தவிர.
அவர்கள் தண்ணீருக்கு அப்பால், தீவில்.
போட்டோவுக்கு இதயம் போடுவார்கள்.
"அழகு! ஆனால் அந்தப் பாலம்..." என்று இழுப்பார்கள்.
அந்த மூன்று புள்ளிக்குள்
இரண்டு மணி நேர நெரிசல்.

ஊசி இடம் கொடுத்தது.
ஊர்தான் கொடுக்கவில்லை.

லெக்கிக்குப் போனோம்.
இரண்டு வருட வாடகை முன்கூட்டியே.
எண்ணிக் கொடுத்தது என் கை; நடுங்கியதும் அதுவே.
வெள்ளைச் சுவர், வாசனை மெழுகுவர்த்தி, கார் நிறுத்த இடம்.
அங்கே பேரம் பேசிப் பாதியாக்கிய அதே அங்கி
இங்கே மும்மடங்குக்கு வாய் திறக்காமல் போனது.
துணி அதே துணி. தையல் அதே தையல்.
ஏறிய விலை முழுக்கச் சுவருக்கு.

ஆட்கள் வந்தார்கள். அகின்லாபி வரவில்லை.
வந்தாலும் பத்தரைக்கு, மஞ்சள் வேனில் கசங்கி.
ஆறு பித்தளைப் பொத்தான் குறைந்ததற்கு
ஒரு முழுநாள் போனது.
அதை எந்தத் தலைப்பில் எழுத?
பொத்தான் என்றா, பெட்ரோல் என்றா,
முட்டாள்தனம் என்றா?

பிறகு அந்தச் சனிக்கிழமை.
இபிரோன்கேயின் கல்யாணம் இகேஜாவில்.
விளிம்பு மடிக்காத கவுனோடு
மணப்பெண் எங்கள் காரின் பின்சீட்டில்.
பாலத்தின் நடுவில் ஒரு லாரி குடைசாய்ந்தது.
வேர்க்கடலை விற்கிறவனைத் தவிர
எதுவும் நகரவில்லை.

அபியோனா செருப்பைக் கழற்றினாள்.
சீட்டுக்கும் சீட்டுக்கும் இடையில் மண்டியிட்டாள்.
ஏழு முழம் லேஸ், கைத்தையல்,
வாயில் குண்டூசிகள்.
பக்கத்துக் காரின் கண்ணாடி இறங்கியது.
"உங்கள் கடை எங்கே?"
"இங்கேதான்" என்றாள், ஊசிகளுக்கு நடுவிலிருந்து.

இப்போது வெட்டும் மேசை சுருலேரேயில்,
கண்ணாடி லெக்கியில்,
வாடகை பாக்கி இரண்டிலும்.
நடுவில் நான், தினம் இரண்டு படகு,
மடி நிறையக் கவுன்கள்.
அலை தூக்கினால்
ஏதோ ஒரு கை எழுந்து
எந்தக் கரைக்கோ ஆட்டுகிறது.

படகுக் கட்டணம்.
இன்றைக்கும் எழுத மறந்தேன்.